தோட்டம் என்னும் சொல்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதர்க்கு மட்டுமன்றி, மாநிலங்களுக்கும் அது பொருந்தும் என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு மடல். அம்மடல் என் மனத்தின் அடியில் ஐம்பது ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த ஒன்றையும் கிளறிவிட்டது.

பணி ஓய்வு பெற்ற பின்னர், பிரிக்பீல்ட்சில் என் வீட்டு முன்கூடத்தில், சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு மாணாக்கர்க்குக் கட்டுரைப் பயிற்சி அளித்து வருகிறேன். முன்னொரு காலத்தில் என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவி ஒருத்தி இன்று அமெரிக்காவில், ரோட் ஐலண்ட் என்னும் மாநிலத்தின் தலைநகராகிய பிராவிடன்சில் பணியாற்றுகிறாள். தன் ஊரைப் பற்றிச் சில செய்திகளைத் தொகுத்து, “பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள், ஐயா, சிறிய மாநிலமாயினும் சுவையானது” என்று சென்ற ஆண்டு எழுதியிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை அம்மடலை வகுப்பில் உரக்கப் படித்தேன்.

ஐம்பது அமெரிக்க மாநிலங்களுள் பரப்பளவில் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். குறுக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர், நெடுக்கே ஏறத்தாழ 77 கிலோமீட்டர். நீர்ப்பரப்பையும் சேர்த்து அளந்தால் சுமார் 4,000 சதுர கிலோமீட்டர். நம் சிலாங்கூரில் ஏறக்குறையப் பாதி. பெயரில் தீவு என்று இருப்பினும், அம்மாநிலத்தின் பெரும்பகுதி தீவன்று. நிலத்தோடு ஒட்டிய கரைநாடு. இதைப் படித்ததும் பிள்ளைகள் சிரித்தனர். அம்மாநிலத்தின் பறவை கழுகுமன்று, கிளியுமன்று, ஒரு கோழி என்றதும் இன்னும் பெரிதாகச் சிரித்தனர். ரோட் ஐலண்ட் ரெட் என்னும் அச்செந்நிறக் கோழி 1954-ஆம் ஆண்டில் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பெற்றது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கோழியை நான் அறிவேன். தோட்டத்து மருந்தகத்தில் பணியாற்றிய பெரியவர் ஒருவர் கொடுத்த குஞ்சுகளை என் தாயார் லயத்தின் பின்புறத்தில் வளர்த்தார். அவற்றின் முட்டை விற்ற காசில்தான் என் முதல் அகராதி வந்தது. எனினும் அச்செய்தியை நான் வகுப்பில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

மடல் மேலும் சென்றது. ரோஜர் வில்லியம்ஸ் என்னும் சமயப் போதகர், மனச்சான்றின் வழி நடக்க ஒவ்வொருவர்க்கும் உரிமை உண்டு என்று வாதாடியமையால் மாசசூசெட்சினின்று வெளியேற்றப்பட்டார். 1636-இல் நாரகான்செட் என்னும் தொல்குடியினரிடம் நிலம் பெற்று, இறைவனின் காப்பு என்னும் பொருள்படப் பிராவிடன்ஸ் என்று பெயரிட்டு ஓர் ஊரை அமைத்தார். 1663-ஆம் ஆண்டின் அரச சாசனம் அக்குடியேற்றத்திற்குச் சமய உரிமையை உறுதி செய்தது. 1763-இல் நியூபோர்ட் நகரில் எழுந்த யூதத் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. அந்நாட்டில் எஞ்சியுள்ள யூதக் கோயில்களுள் அதுவே பழைமையானது. 1776-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், பிற குடியேற்றங்கள் விடுதலைச் சாற்றுரை வெளியிடுவதற்கு இரண்டு திங்கள் முன்பே, ஆங்கில அரசருக்குத் தான் அளித்திருந்த பற்றுறுதியை அச்சிறிய மண் விலக்கிக்கொண்டது. ஆனால் புதிய ஒன்றியத்தின் அரசமைப்பை ஏற்பதிலோ பதின்மூன்றில் இறுதியாக, 1790-இல்தான் இசைந்தது. பெரியவர் கூடும் அவையில் சிறியவனின் உரிமைக்கு உறுதி என்ன என்று அது தயங்கி நின்றது.

மடலின் இறுதிச் செய்திதான் என்னைத் தடுத்து நிறுத்தியது. மிகச் சிறிய அம்மாநிலத்திற்கு ஐம்பது மாநிலங்களிலும் மிக நீண்ட பெயர் இருந்ததாம்: “ரோட் ஐலண்டும் பிராவிடன்ஸ் தோட்டங்களும் ஆகிய மாநிலம்.” பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், தோட்டம் என்று நாம் பெயர்க்கும் அச்சொல்லுக்குக் குடியேற்றம் என்பதே பொருள். ஆயினும் காலம் செல்லச் செல்ல அச்சொல்லின்மீது வேறொரு நிழல் விழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் நியூபோர்ட்டிலிருந்து ரம் ஏற்றிச் சென்ற கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கின. அம்மாநிலத்தின் தென்பகுதிப் பண்ணைகளிலும் அடிமைகள் உழைத்தனர். மனச்சான்றின் உரிமைக்காகப் பிறந்த மண்ணே மனித வாணிகத்திலும் கை நனைத்தது. ஆகவே அச்சொல் தங்கள் முன்னோரின் விலங்கை நினைவூட்டுகிறது என்று கறுப்பின மக்கள் முறையிட்டனர். 2010-இல் நடந்த வாக்கெடுப்பில் நான்கில் மூவருக்கு மேற்பட்டோர் பெயர் மாற்றம் வேண்டா என்றனர். பத்தாண்டு கழித்து, கறுப்பின மக்களின் உரிமைக்குரல் நாடெங்கும் ஓங்கிய 2020-ஆம் ஆண்டின் நவம்பர்த் திங்களில், பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வேண்டும் என்றனர். “தோட்டங்கள்” என்னும் சொல் மாநிலத்தின் பெயரிலிருந்து உதிர்ந்தது.

படித்து முடித்தேன். முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, “ஐயா, தோட்டம் என்றால் பூந்தோட்டம்தானே? அதில் என்ன இழிவு?” என்று கேட்டாள். அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை; வேறு தோட்டத்தை அவள் அறியாள். நான் அகராதிப் பொருளைச் சொல்லி நகரப் பார்த்தேன். அவள் பக்கத்தில் இருந்த சிறுவன், “எங்கள் தாத்தாகூடத் தோட்டத்தில்தான் இருந்தாராம், ஐயா. எந்தத் தோட்டம் என்று அப்பாவுக்கே தெரியவில்லை” என்றான். பிறகு இயல்பாக, “நீங்கள் எந்த ஊர், ஐயா?” என்று கேட்டான்.

“காஜாங்” என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் என் நாவே எனக்குக் கசந்தது. நான் காஜாங்கில் பிறந்தவன் அல்லன். அங்கே இடைநிலைப் பள்ளிக்குச் சென்றேன், அவ்வளவே. நான் பிறந்தது பிராங் பெசார் தோட்டத்தில்.

இவ்விடத்தில் ஐம்பது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். 1973-ஆம் ஆண்டில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். உடன் பயின்றோருள் நகரத்துப் பிள்ளைகள் சிலர் தோட்டப்புறத்தினின்று வந்தோரைத் “தோட்டக்காட்டான்” என்று கேலி பேசுவர். அக்கேலி என்மீது விழாதிருக்க, ஊர் கேட்பவர்க்கெல்லாம் காஜாங் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தந்தையார் விடுதிக்கு வந்தார். வெளுத்த சட்டை, கையில் அம்மா சுட்ட முறுக்கு. அறைத்தோழன் மரியாதையுடன் எழுந்து, “ஐயாவுக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டான். அப்பா வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு “காஜாங்” என்றேன். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. மாலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான், சாலையைப் பார்த்தபடி, “காஜாங்குல நமக்கு யாருடா இருக்கா?” என்றார். குரலில் சினம் இல்லை. பேருந்து வந்தது, ஏறிக்கொண்டார். அவ்வினாவுக்கு நான் விடை சொல்லவே இல்லை. 1988-இல் அவர் மறைந்தார்.

என் தந்தையார் பால் வெட்டுபவராகத் தொடங்கி, பின்னர் நாற்றங்காலில் கண் ஒட்டும் வேலைக்குச் சென்றவர். அவ்வேலை பெருமைக்குரியது. விதையிலிருந்து முளைத்த இளங்கன்றின் பட்டையில் சன்னமாக ஒரு கதவு திறந்து, தேர்ந்தெடுத்த மரத்தின் கண்ணை உட்செலுத்தி, இறுகக் கட்டுவர். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துக் கட்டவிழ்த்துப் பார்த்து, கண் பற்றியிருந்தால் அதற்கு மேலுள்ள தண்டை அறுத்துவிடுவர். அக்கண்ணிலிருந்து புதுமரம் எழும். “மரத்துக்குப் பேரு கண்ணால வருது, பால் வேரால வருது. வேருக்குத்தான் பேரு கிடையாது” என்று அப்பா சொல்வார். அன்று அதனைத் தொழில் நுணுக்கமாக மட்டுமே கேட்டேன்.

பிராங் பெசார் என்பதற்கு மலாய்மொழியில் பெரும்போர் என்று பொருள். முதல் உலகப் போரில் பங்கேற்ற ஆங்கிலேயர் சிலர், போர் முடிந்த கையோடு இங்கு வந்து, ஆயர் ஈத்தாம் என்று வழங்கிய இடத்தில் ஏறத்தாழ 800 ஏக்கரில் தோட்டத்தைத் திறந்தனர், ஆதலின் அப்பெயர். சுற்றியிருந்த தோட்டங்களும் சேர்ந்து பின்னாளில் அது 8,000 ஏக்கர் அளவிற்குப் பரந்தது. மரத்தின் தேர்வில் அத்தோட்டம் உலகப் புகழ் பெற்றது. பி.பி. 86, பி.பி. 217, பி.பி. 260 என்று ரப்பர் நூல்களில் காணப்படும் ஒட்டுவகைகளின் முன்னிரண்டு எழுத்துகள் அத்தோட்டத்தின் பெயரைக் குறிப்பனவே. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அவ்வகைகளை நட்டுப் பால் எடுத்தனர். ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டிலும் அவை சென்று வேரூன்றின. நான் சொல்லக் கூசிய பெயரை அம்மரங்கள் கண்டங்கள் கடந்து சுமந்து நின்றன.

இன்று அத்தோட்டம் இல்லை. அவ்விடத்தில் நிற்பது நம் நாட்டின் மிகச் சிறிய கூட்டரசுப் பிரதேசமாகிய புத்ராஜெயா. 49 சதுர கிலோமீட்டரே கொண்டது. ரோட் ஐலண்டுக்குள் எண்பது புத்ராஜெயாக்களை அடக்கலாம். மாநிலங்களுள் சிறியதாகிய பெர்லிஸ்கூட இதனைப்போல் பதினாறு மடங்கு பெரியது. முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயரால் இந்நகரம் பெயர் பெற்றது. 1999-இல் பிரதமர் அலுவலகம் கோலாலம்பூரினின்று அங்கே இடம் பெயர்ந்தது. 2001 பிப்ரவரி 1-ஆம் நாள், கோலாலம்பூர், லாபுவான் ஆகியவற்றை அடுத்து மூன்றாம் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. 2004-இல் நீதிமன்ற மாளிகையும் வந்தது. எனினும் நாட்டின் தலைநகர் கோலாலம்பூரே. நாடாளுமன்றமும் அங்கேயே கூடுகிறது. நகர் நடுவே கண்ணாடிபோல் விரிந்து கிடக்கும் ஏரி இயற்கை ஏரியன்று. சுவாவ், பீசா என்னும் சிற்றாறுகளை அணையிட்டுத் தேக்கிய நீர் அது. அந்நீரைத் தூய்மை செய்வதற்கென்றே ஏறத்தாழ 200 ஹெக்டரில் சதுப்பு நிலத்தை உருவாக்கி, நாணலும் கோரையும் வளர்த்தனர்.

இப்பள்ளத்தாக்கில் நிலம் பெயர் மாறுவது புதிதன்று. சிலாங்கூரின் தலைநகர் 1880-இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1974 பிப்ரவரி 1-ஆம் நாள் கோலாலம்பூர் சிலாங்கூரினின்று பிரிந்து கூட்டரசுப் பிரதேசமாயிற்று. 1978-இல் ஷா ஆலம் புதிய மாநிலத் தலைநகராக அறிவிக்கப்பெற்றது. அந்த ஷா ஆலமும் தோட்ட நிலத்தில் எழுந்ததே. நான் வாழும் பிரிக்பீல்ட்சும் பெயருக்கேற்பச் செங்கற்சூளைகள் புகைந்த இடம். பின்னர் இரயில்வே ஊழியர் குடியிருப்பாயிற்று. அவர்தம் வண்டிகள் நின்ற நிலத்தில் 2001-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. நகரம் வளர்வதை யாரும் பழிக்க இயலாது. ஆயினும் பிராங் பெசாரிலும் அண்டைத் தோட்டங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் 1990-களின் இறுதியில் டிங்கிலில் உள்ள அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன என்பதையும், தங்களுக்குத் தரை வீடு வேண்டும் என்னும் அவர்தம் கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ் நாளேடுகளில் ஒலித்து வந்தது என்பதையும், புத்ராஜெயாவின் அழகைப் பாடும் நம் மாணவர் கட்டுரைகளில் நான் கண்டதில்லை. “காடாகக் கிடந்த இடம் நகரமாயிற்று” என்றே பிள்ளைகள் எழுதுகின்றனர். அப்படி எழுதிய தாள்களுக்கு மதிப்பெண் இட்டவனும் நானே.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தோட்டம் என்னும் சொல்லையே எண்ணிக்கொண்டிருந்தேன். தமிழகத்தில் அது கிணற்றுப் பாசனமுள்ள நிலம், கீரைப்பாத்தி, வாழைக்கொல்லை; உடையவனுக்குப் பெருமை தரும் சொல். கடல் கடந்து மலாயாவுக்கு வந்ததும் அது ஆயிரக்கணக்கான ஏக்கராக விரிந்தது. உழைப்பவனுக்கு ஒரு நிரை மரமும் சொந்தமில்லாத இடமாயிற்று. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-இல் நீங்கியது. கங்காணி வழியாக ஆளெடுத்தலும் 1938-இல், இந்திய அரசின் தடையால் ஓய்ந்தது. அதற்குள் அச்சொல் பெரட்டுக்களத்தின் விடியற்காலையையும், காண்டாவாளியின் சுமையையும், ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட குழந்தையின் அழுகையையும் தன்னுள் ஏற்றிக்கொண்டுவிட்டது. அவற்றுடன் மாரியம்மன் திருவிழாவையும், கூத்தையும், ஒருவர் வீட்டுத் துயரைப் பத்து வீடு பகிர்ந்த உறவையும், ஓரறைப் பள்ளியில் கேட்ட தமிழையும் அது ஏற்றிக்கொண்டது.

ரோட் ஐலண்டு மக்கள் அச்சொல்லை நீக்கினர். அவர் செய்தது சரியே. அவர்தம் மாநிலப் பெயரில் நின்ற சொல், அதன் பழம்பொருள் யாதாயினும், சுமந்தவர் காதில் உடையவனின் சொல்லாகவே ஒலித்தது. நம் நிலை வேறு. நம்மிடையே அச்சொல் சுமந்தவர் தம் இருப்பிடத்திற்கு இட்டு வழங்கிய பெயர். ஷா ஆலத்தில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, கிள்ளானில் ஹைலண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி, கோலாலம்பூரில் எடின்பர்க் தோட்டத் தமிழ்ப்பள்ளி எனப் பல பள்ளிகள், சுற்றிலும் நகரம் சூழ்ந்த பின்னும், தோட்டம் என்னும் சொல்லைப் பெயரில் தாங்கி நிற்கின்றன. இன்னுமா இந்தச் சொல் என்று கேட்போர் உண்டு. அவர்தம் கூச்சம் எனக்கு விளங்கும். அதே கூச்சத்தில் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். ஆனால் அப்பெயரும் உதிர்ந்துவிட்டால், அந்நிலத்தில் நம்மவர் வாழ்ந்தார் என்பதற்கு எழுத்தில் எஞ்சுவது யாது? ஒரு சொல்லை நீக்குவதா காப்பதா என்பதை அதனைச் சுமந்தவரும் அவர் வழியினரும் முடிவு செய்யட்டும். நான் செய்த பிழை வேறு. எவரையும் கேளாமல், என் தந்தையின் வாயிலிருந்தே அச்சொல்லைப் பறித்தேன். மேலே எழுந்த கண்ணுக்குப் பெயர் தேடிய நான், பால் ஊட்டிய வேரை மண்ணுக்குள் மறைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில், பாடத்திற்கு முன், “சென்ற வாரம் நான் உங்களிடம் பொய் சொன்னேன்” என்று தொடங்கினேன். பிள்ளைகள் திகைத்தனர். ஆசிரியர் பிழையை ஒப்புக்கொள்ளும் காட்சி அவர்களுக்குப் புதிது. விடுதியையும் பேருந்து நிறுத்தத்தையும் சொன்னேன். அம்மாவின் செந்நிறக் கோழிகளையும் சொன்னேன். கோழி என்றதும் மீண்டும் சிரித்தனர். இம்முறை நானும் சிரித்தேன். தாத்தாவின் தோட்டம் தெரியாத சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. “வீட்டில் பாட்டியிடம் கேட்டேன், ஐயா. கிள்ளான் பக்கம் என்று மட்டும் நினைவிருக்கிறதாம், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றான்.

பள்ளி விடுமுறையில், பெற்றோர் இசைவுடன், ஏழு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்ட்ரல் நிலையத்தில் வண்டி ஏறினேன். இருபது நிமிடம்தான் பயணம். ஒரு காலத்தில் காஜாங் சென்று பேருந்து மாறி, செம்மண் சாலையில் நடந்து சேர்ந்த இடம் அது. புத்ராஜெயாவில் இறங்கி, பேருந்தில் ஏரிக்கரைக்குச் சென்றோம். இளஞ்சிவப்புக் குவிமாடம் நீரில் அசைந்தது. அகன்ற வீதிகள், நிழல் மரங்கள், பாலங்கள். அழகிய நகரம்தான், அதில் ஐயமில்லை. “உங்கள் லயம் எங்கே இருந்தது, ஐயா?” என்று சிறுமி கேட்டாள். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மேடுகளின் வடிவே மாறியிருந்தது. எந்தத் திசையைக் காட்டுவது என்று தெரியாமல், நீரைக் காட்டி, “இங்கெல்லாம்தான், அம்மா” என்றேன்.

எங்கள் கூட்டத்தைக் கண்டு, மலாய்க்காரரான இளங்காவலர் ஒருவர் புன்னகையுடன் அருகில் வந்தார். பிள்ளைகளை நலம் கேட்டபின், என்னைப் பார்த்து, “பெரியவர் எந்த ஊர்?” என்று தம் மொழியில் கேட்டார்.

“இந்த ஊர்தான். பிராங் பெசார்” என்றேன்.

அவர் புருவம் சுருங்கியது. அப்பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. நான் விளக்க வாயெடுத்தேன். அதற்குள் தாத்தாவின் தோட்டத்தைத் தேடும் அச்சிறுவன் முன்னே வந்து, கையால் ஏரியையும் கட்டடங்களையும் சுட்டிக்காட்டி, இங்கே முன்பு ஒரு தோட்டம் இருந்தது என்று மலாயில் அவருக்குச் சொல்லத் தொடங்கினான்.